ஈகையும் நிலமும்: கண்டிச் சிறுபண்ணை வாழ்க்கை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருளின் மதிப்பு யாது என்னும் வினாவுக்குப் பொருளியலார் தரும் விடையும் அறநூலார் தரும் விடையும் ஒன்றல்ல. கிரேக்க மெய்யியலாளரான அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலின் முதற் பகுதியில், ஒரு செருப்பை அணிவதற்கும் பயன்படுத்தலாம், அதனைக் கொடுத்து வேறொரு பொருளைப் பெறுவதற்கும் பயன்படுத்தலாம் எனக் காட்டி, இவ்விரண்டனுள் அணிதலே அதற்கு உரிய பயன் என்றார். இல்லத்தை நடத்தும் கலையையும் செல்வத்தைப் பெருக்கும் கலையையும் அவர் வேறுபடுத்தியதும் இதனடியாகவேயாம். 1776 ஆம் ஆண்டில் ஆதம் சிமித் பயன் மதிப்பு, மாற்று மதிப்பு என இரண்டைப் பிரித்து, இன்றியமையாத நீர் மலிவாயிருக்கப் பயன் குறைந்த வைரம் விலையேறியிருப்பதைச் சுட்டியதும் இவ்வேறுபாட்டையே வேறொரு வகையில் எடுத்துரைத்ததாகும்.

ஆயின், துய்த்தல், விற்றல் என்னும் இவ்விரண்டோடு மூன்றாவது பயன் ஒன்றும் பொருளுக்கு உண்டு. அதனைப் பிறர்க்குக் கொடுக்கலாம். அரிஸ்டோட்டிலே அந்நூலின் இரண்டாம் பகுதியில், நண்பர்க்கும் விருந்தினர்க்கும் உதவுவதில் மனிதன் பேரின்பம் அடைகிறான் என்றும், தனக்கென உடைமை உள்ளவனுக்கே அவ்வின்பம் கைகூடும் என்றும் கூறுகின்றார். இக்கூற்றிலிருந்து ஒரு சிக்கலான வினா எழுகின்றது. ஈகை என்பது உள்ளத்தின் பண்பு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. அது உள்ளத்தின் பண்பு மட்டுந்தானா? அன்றி, காலூன்ற நிலமும் கையில் பொருளும் இருந்தாலன்றி வெளிப்பட முடியாத பண்பா? பின்னதே உண்மையாயின், ஒரு மக்கட் கூட்டத்தாரிடமிருந்து நிலத்தை விலக்கிவைத்த சமுதாயம் அவர்களிடமிருந்து வேறெதனை விலக்கியிருக்கின்றது?

இவ்வினாவை ஆராய்வதற்குக் கண்டி நகரும் அதன் சூழலும் தகுந்த களமாகும். ஏனெனில், இங்கே மலையின் அடிவாரத்தில் வீட்டுத்தோட்டமும், அதே மலையின் மேற்சரிவில் தேயிலைத் தோட்டத்து லயமும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. பெய்யும் மழையும் அடிக்கும் வெயிலும் இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே. வாழ்க்கை முறையோ முற்றிலும் வேறு.

கண்டிய வீட்டுத்தோட்டம் எனப் பயிரியலாரால் அழைக்கப்படும் சிறுபண்ணை, பேராதனை, கம்பளை, அக்குறணை, தும்பறை முதலிய பகுதிகளெங்கும் காணப்படுவது. பெரும்பாலும் ஒன்றிரண்டு ஏக்கருக்குள் அடங்கும் அந்நிலம், முதன்முறை பார்ப்பவர்க்குக் காடு போலவே தோன்றும். உச்சியில் கித்துளும் தென்னையும் கமுகும்; அவற்றின் கீழ்ப் பலாவும் மாவும் ஈரப்பலாவும்; இடையே கராம்பும் சாதிக்காயும்; முருக்க மரத்தைப் பற்றிப் படரும் மிளகுக் கொடி; நிழலில் கோப்பியும் வாழையும்; நிலத்தோடு இஞ்சியும் மஞ்சளும் கிழங்கு வகைகளும். ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்தில் நின்று தனக்குரிய ஒளியைப் பெறுகின்றது. உதிரும் இலைகள் மண்ணை மூடி, சரிவில் ஓடும் மழைநீரின் வேகத்தைத் தணிக்கின்றன. வீட்டை அடுத்து ஒரு மாட்டுத் தொழுவமும் சில கோழிகளும் இருக்குமாயின் பண்ணை நிறைவுற்றதாகக் கருதப்படும். தாழ்நிலத்தில் ஒரு துண்டு வயலும் உள்ள குடும்பம் வசதியான குடும்பமாகும்.

அத்தகைய வீட்டின் ஒரு நாள் கித்துள் மரத்தடியில் தொடங்குகின்றது. விரியாத பாளைக்கு மருந்து கட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் அதன் முனையைச் சீவினால், வடியும் சாறு முட்டியில் சேரும். அது புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க முட்டியினுள் மரப்பட்டை இடப்படுகின்றது. சாற்றை அடுப்பிலேற்றிப் பொறுமையாகக் காய்ச்சினால் முதலிற் பாணியும், மேலும் காய்ச்சினால் கருப்பட்டியும் கிடைக்கும். பலா மிகுதியாகக் காய்க்கும் காலத்திற் சுளைகளைக் கீறி அவித்து உலர்த்தி வற்றலாக்குவர். கொட்டைகளை மணலுட் புதைத்து மழைக்காலத்துக்கு வைப்பர். கொறுக்காய் அடுப்பின் மேலுள்ள பரணிற் புகையேறிக் கறுக்கும். முற்றத்துப் பாயில் மிளகு காயும். தோட்டத்துக் கோப்பியை வறுத்து, மல்லி சேர்த்து, உரலில் இடிக்கும் மணம் தெருவரை வரும். பாலைத் தயிராகவும் நெய்யாகவும் மாற்றுவதும், எலுமிச்சையை உப்பிட்டு வெயிலில் வைப்பதும் இவற்றிடையே நிகழும் வேலைகள்.

இங்ஙனம் வீட்டில் உருவாகும் பொருள்கள் நான்கு வழிகளிற் செல்கின்றன. ஒரு பகுதி அன்றே உண்ணப்படும். ஒரு பகுதி பின்னாளுக்கு வைக்கப்படும். ஒரு பகுதி சந்தைக்குப் போகும். எஞ்சிய பகுதி அயலாருக்கும் உறவினருக்கும் விகாரைக்கும் கோயிலுக்கும் இல்லாதவர்க்கும் கொடுக்கப்படும். இந்நான்காம் வழியே இங்கு ஆராய்ச்சிக்குரியது.

சிறுபண்ணையைப் போற்றுவோர் பொதுவாக இரு காரணங்களைக் கூறுவர். முதலாவது, அது தன்னிறைவு உடையது என்பது. இக்கூற்று வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. கண்டி இராச்சியம் தன் மக்களுக்கு வேண்டிய உணவை விளைவித்த காலத்திலும் உப்புக்குக் கடற்கரையையே நம்பியிருந்தது. கரையோரத்தை ஒல்லாந்தர் தம் ஆட்சியில் வைத்திருந்தமை மலைநாட்டு அரசர்க்கு ஓயாத நெருக்கடியாயிற்று. உப்பும் கருவாடும் துணியும் எக்காலத்தும் வெளியிலிருந்தே வந்தன. ஆகவே தன்னிறைவு என்பது சிறுபண்ணையின் உண்மை நிலையன்று. அதைத் தொலைவில் நின்று நோக்குவோரின் கற்பனையே.

இரண்டாவது காரணம், வீட்டிற் செய்த பொருள் தூயது என்பது. கித்துட் பாணியிற் சீனிப்பாகு கலக்கப்படும் செய்தி கண்டிச் சந்தையை அறிந்தோர்க்குப் புதிதன்று. அப்பாணியும் யாரோ ஒருவரின் வீட்டிற் செய்யப்பட்டதே. கலப்படம் வீட்டில் நிகழாது, ஆலையிலேதான் நிகழும் என்பதற்கில்லை. செய்பவரும் உண்பவரும் ஒருவரையொருவர் அறியாத இடத்தில் அது எளிதாகின்றது. தன் பிள்ளைக்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் ஊற்றும் பாணியிற் சீனி கலக்க எவரும் முனைவதில்லை. எனவே, தூய்மை எனப் புகழப்படுவது பொருளின் குணமன்று. அது உறவின் குணம். இதை ஏற்றுக்கொண்டால், சிறுபண்ணையின் சிறப்பை அதன் பொருளில் தேடுவதைவிட, அப்பொருள் உண்டாக்கும் உறவில் தேடுவதே முறையாகும்.

தமிழ் அறநூல் மரபும் இதனையே சுட்டுகின்றது. திருக்குறளில் விருந்தோம்பல் 9 ஆம் அதிகாரம். ஒப்புரவறிதல் 22 ஆம் அதிகாரம். ஈகை 23 ஆம் அதிகாரம். இம்மூன்றும் இல்லறவியலுள் அடங்குவன, துறவறவியலில் வைக்கப்படவில்லை. வந்த விருந்தினர், சூழ வாழும் ஊரார், இல்லாத வறியவர் என மூன்று வட்டங்களாக விரியும் இக்கடமை, இல்லத்தை நடத்துபவர்க்கே விதிக்கப்பட்டுள்ளது. நடத்துவதற்கு ஓர் இல்லமும், அதனைத் தாங்குவதற்கு ஒரு விளைவும் உண்டு என்பது அவ்விதியின் சொல்லப்படாத முற்கோளாகும்.

பிரெஞ்சு மானிடவியலாளரான மார்சல் மோஸ் 1925 இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில், பல சமுதாயங்களில் கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என்னும் மூன்றும் கடமைகளாக அமைந்துள்ளதைக் காட்டினார். திருப்பிக் கொடுக்க இயலாதவன் தாழ்ந்தவனாகிறான் என்பது அவ்வாய்வின் கூர்மையான முடிவுகளுள் ஒன்று. அஃதாவது, என்றும் பெறுபவனாகவே இருத்தல் ஒருவனது மதிப்பைக் குறைக்கின்றது. ஒரு மனிதனை ஊருக்குச் சமமானவனாக நிறுத்துவது அவன் பெறும் உதவியன்று. அவன் கொடுக்கவும் வல்லவன் என்னும் நிலையே.

வீட்டுத்தோட்டம் இந்நிலையை எளிதாக்குகின்றது. பலா மரம் ஒரே பருவத்தில் ஒரு குடும்பம் உண்ண முடியாத அளவு காய்க்கும். பழுத்த பழத்தை நெடுநாள் வைத்திருக்கவும் இயலாது. அதனைப் பகிர்ந்தளிக்கப் பெருந்தியாகம் ஒன்றும் தேவையில்லை. வேலியருகே நின்று ஒரு குரல் கொடுத்தாற் போதும். கித்துளோ, பெரும்பாலும் மரநாய் தின்று போட்ட விதையிலிருந்து தானே முளைத்து, பல ஆண்டுகள் வளர்ந்து பாளை விடுவது. உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குலை குலையாகப் பூத்து, இறுதிக் குலையோடு அம்மரம் மடிகின்றது. தான் நடாத மரத்திலிருந்து பெற்றவன் பிறர்க்கும் ஒரு போத்தல் பாணி கொடுப்பதில் வியப்பில்லை. சிங்கள மக்கள் பலாவைச் சோற்றுமரம் எனப் பொருள்படும் பெயரால் வழங்குவதும், 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதைத் தடுத்ததும், சொந்த வளவில் நிற்கும் மரத்திலும் ஊருக்கு ஒரு பங்கு உண்டு என்னும் எண்ணத்தை உணர்த்துவன.

இனி மலையின் மேற்சரிவை நோக்குதல் வேண்டும். 1815 இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1820களிற் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியிற் கோப்பிப் பெருந்தோட்டம் தொடங்கியது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் அரசுக்குரியனவாகக் கருதி, பெருந்தோட்டங்களுக்கு வழி திறந்தது. இதனாற் கண்டிக் கிராமத்தவர் தம் மேட்டு நிலங்களை இழந்தனர். அதே நிலத்திற் பாடுபடத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களோ அந்நிலத்திற் பங்கெதுவும் பெறவில்லை. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. பயிர் மாறிற்று; லயம் மாறவில்லை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பராவே ஒரு குடும்பத்தின் உலகமாயிற்று.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1972 ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தம் தனியார் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு 50 ஏக்கர் என எல்லை வகுத்தது; 1975 இற் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின; 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. நிலம் பலமுறை கைமாறியது. அதில் வேலை செய்தோரின் கைக்கு மட்டும் அது வரவில்லை. 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிய பின்னரும், லயத்தில் வாழ்வோர் பெரும்பாலும் தாம் வாழும் மண்ணின் உரிமையாளராகவில்லை.

எனினும் லயத்திலும் சிறுபண்ணை உண்டு. லயத்தின் பின்புறத்தே ஒரு துண்டு மரக்கறித் தோட்டம், சற்றுத் தள்ளி ஒரு மாட்டுப் பட்டி, கூரையிற் படரும் பூசணி, சுவரோரம் கறிவேப்பிலை. பெரட்டுக்குப் போகுமுன் மாடு கறக்கப்படுகின்றது. கொழுந்தெடுத்துத் திரும்பிய பின் புல் வெட்டப்படுகின்றது. தயிரும் நெய்யும் ஊறுகாயும் அங்கும் செய்யப்படுகின்றன. அயல் காம்பராவுக்குக் கிண்ணத்திற் போகின்றன. ஆனால் அத்தோட்டத் துண்டு உரிமையால் வந்ததன்று. நிருவாகத்தின் அனுமதியால் நிலைப்பது. நாளை அவ்விடத்திற் கன்று நட வேண்டும் எனின் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். பத்தாண்டுக்குப் பின் பயன் தரும் மரத்தை அனுமதி நிலத்தில் எவர் நடுவர்? இதனால், லயத்துத் தோட்டத்திற் கீரையும் அவரையும் உண்டு. கித்துளும் பலாவும் அரிது. காலத்தை நம்பி நடப்படும் பயிர்களுக்கு உரிமை வேண்டியிருக்கின்றது.

இந்த இடத்தில் வரலாற்றின் ஒரு விந்தையை ஒப்புநோக்கலாம். 1660 இற் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்ட ஆங்கில மாலுமி இறொபேட் நொக்ஸ், 1679 இல் தப்பிச் செல்லும்வரை மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தார். 1681 இல் அவ்வனுபவங்களை நூலாக வெளியிட்டார். நாட்டை விட்டு நீங்க அனுமதியில்லாத அக்கைதி, எலதெத்தவில் வீடமைத்துத் தோட்டமிட்டு, ஆடும் கோழியும் வளர்த்து, தொப்பி பின்னி விற்று, அயலாருக்கு நெல்லைக் கடனாகவும் கொடுத்தார். நூற்றுக்கு ஐம்பது வட்டி பெற்ற அக்கடனை ஈகை எனக் கூற முடியாது என்பது வேறு செய்தி. இங்கு கருதத்தக்கது, அயலான் அவரிடம் கேட்டு வரும் நிலையில் அவர் இருந்தார் என்பதே. ஒரு கைதிக்கு வாய்த்த வளவு, பின்வந்த நூற்றாண்டுகளிற் சட்டப்படி சுதந்திரமான தொழிலாளிக்கு வாய்க்கவில்லை. விடுதலை என்பது விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை மட்டுமன்று, இருக்கும் இடத்தில் வேரூன்றும் உரிமையுமாம் என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகின்றது.

இவ்வாதத்துக்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, கூலி வாங்குபவனும் கொடுக்கலாமே. அவன் கொடுப்பது தன் உணவிலிருந்து குறைத்துக் கொடுப்பதாதலின் அதுவே உயர்ந்த ஈகை அன்றோ என்பது. இது உண்மையே. லயத்திற் சாவு நேர்ந்தால் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் அரிசியும் காசும் சேர்வதை அறிந்தோர் இதனை மறுக்கார். ஆனால் இல்லாமையிலும் கொடுப்பவரின் பெருமையைக் காட்டி இல்லாமையை நியாயப்படுத்தல் ஆகாது. தனிமனிதனின் அறத்தை அளக்கும் கோல் வேறு. சமுதாயத்தின் நீதியை அளக்கும் கோல் வேறு. ஈகையை வீரச்செயலாக்கிவிடும் சமுதாயத்தைவிட, அதனை அன்றாட வழக்கமாக்கும் சமுதாயமே நீதியுடையது.

இரண்டாவது தடை மேலும் வலியது. வீட்டில் உருவாகும் பொருள் யாருடைய உழைப்பில் உருவாகின்றது? மரத்திலேறிப் பாளை சீவுபவன் ஆண். புகையிலிருந்து பாணி காய்ச்சுபவள் பெரும்பாலும் பெண். விற்ற பணம் ஒருவன் கைக்கும், கொடுத்த புகழ் ஒருவன் பெயருக்கும் போக, கண்ணெரிச்சல் மட்டும் அவளுக்கு மிஞ்சுவதுண்டு. பெண்களின் ஊதியமற்ற உழைப்பு நாட்டுக் கணக்குகளில் இடம்பெறாதிருப்பதை நியூசிலாந்தைச் சேர்ந்த மரிலின் வாரிங் 1988 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். உடைமையாலேயே ஈகையின்பம் கைகூடும் என்ற அரிஸ்டோட்டிலின் இல்லமும் அடிமைகளின் உழைப்பின்மீது நின்றதே. எனவே, பிறர் உழைப்பைத் தன் கொடையாக வழங்குதல் ஈகையாகாது. நிலம் வழங்கப்படும்போது உறுதியில் யார் பெயர் எழுதப்படுகின்றது என்னும் வினா, வெறும் அலுவலக நடைமுறையன்று, அதுவும் அறவினாவே. தோட்டத்தில் நாட்கூலிக்குக் கொழுந்தெடுத்து, வீட்டிற் கூலியின்றி அடுப்பெரிக்கும் பெண்ணுக்குக் கொடுப்பவள் என்னும் நிலை கிட்டாதவரை, சிறுபண்ணையின் அறம் பாதி அறமாகவே நிற்கும்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்வினாவைப் புத்தகத்திலிருந்து தெருவுக்குக் கொணர்ந்தது. முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, சில மாதங்களில் அத்தடை நீக்கப்பட்டபோதிலும், விளைச்சல் வீழ்ந்திருந்தது. 2022 செப்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அதற்கு முன்னரே, அவ்வாண்டு யூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் தம் வீட்டுத்தோட்டங்களிற் பயிரிடுவதற்கென மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை முடிவு செய்தது. வளவுள்ளவர்க்கு அது பொருத்தமான அறிவுரையாயிருந்தது. லயத்துக் குடும்பத்துக்கோ, பயிரிடக் கைகள் இருந்தன. பயிரிடும் அறிவும் இருந்தது. மண் மட்டும் இருக்கவில்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் நிலத்தின் நடுவே வாழ்ந்தவர்கள், அந்நிலத்தில் ஒரு மரவள்ளி நடவும் அனுமதி கேட்க வேண்டியவராயிருந்தனர்.

அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் மலையகக் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் என்னும் அளவு பெரிதும் பேசப்பட்டது. லயத்திலிருந்து வெளிவரும் குடும்பத்துக்கு அது சிறிய செய்தியன்று. கதவைத் தன்னுடையது எனக் கூறும் உரிமை அதில் உண்டு. ஆயினும் கணக்கையும் பார்த்தல் வேண்டும். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ் ஆகும்; ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் வீடும் மலசலகூடமும் வழியும் போக, சரிவில் எஞ்சுவது சில பாத்திகளுக்கே போதுமானது. அங்கே ஒரு கறிவேப்பிலை நிற்கும். ஒரு பலா நிற்க இடமில்லை. வசிப்பதற்குரிய நிலம் அது. வாழ்வித்துக் கொடுப்பதற்குரிய நிலமன்று.

இரசிய எழுத்தாளர் தோல்ஸ்தோய் 1886 இல் எழுதிய ஒரு கதையில், ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை என்னும் வினாவை எழுப்பினார். பேராசையால் ஓடி ஓடி நிலத்தை வளைத்தவனுக்கு முடிவில் ஆறடியே போதுமாயிற்று என்பது அக்கதையின் விடை. நிலத்தை மிகுதியாக வைத்திருப்போர்க்கு அது தக்க அறிவுரை. நிலமே இல்லாதோரிடம் அவ்விடையைக் கூறுதல் கொடுமையாகும். மலையகத்தில் அவ்வினாவையே வேறு வகையாகக் கேட்டல் வேண்டும். புதைப்பதற்கு ஆறடி போதும். வசிப்பதற்கு ஏழு பேர்ச்சஸ் போதும் எனவும் ஒருவாறு கூறிவிடலாம். வாசலுக்கு வந்த அயலானை வெறுங்கையோடு அனுப்பாதிருக்க ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?

இவ்வினாவுக்கு ஏக்கர்க் கணக்கில் விடை கூறுவது பொருளியலாரின் பணி. ஆனால் அவ்வினா கேட்கப்பட வேண்டியது என்பதை நிறுவுவது அறவியலின் பணி. நிலவுரிமை பற்றிய விவாதங்களில் வருமானமும் வீட்டின் பரப்பும் விளைச்சலும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கொடுக்கும் ஆற்றல் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. கண்டியின் வீட்டுத்தோட்டங்கள் உணர்த்தும் உண்மை, மனிதன் உண்பதற்கு மட்டும் விளைவிப்பதில்லை என்பதே. ஒரு முட்டிப் பாணியும் ஒரு பலாப்பழமும் வேலியைக் கடந்து செல்லும்போது, இரு வீடுகள் ஓர் ஊராகின்றன. அவ்வூரில் என்றும் பெறுபவராகவே ஒரு சாராரை நிறுத்தி வைப்பது, அவர்களுக்கு உணவு மறுப்பதைப் போன்றதொரு குறையாகும். உணவு மறுக்கப்படுவதைப் பசி காட்டிக்கொடுக்கும். இக்குறையைக் காட்டிக்கொடுக்கும் பசி எதுவும் இல்லாமையால், அதனை எடுத்துக் கூறும் பொறுப்பு கற்றோரிடமே வந்து சேர்கின்றது.